செம்பனைக் குலையும் வெற்றிலை வாயும்

நல்ல செம்பனைப் பழம் ஒன்றைக் குலையிலிருந்து கழற்றிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். நுனி கறுஞ்சிவப்பு, அடிப்பக்கம் ஆரஞ்சு. நகத்தால் கீறினால் விரலெல்லாம் எண்ணெய். 1980களில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய செம்பனைகள் மலேசியத் தோட்டங்களில் காய்க்கத் தொடங்கியபோது, சில மரங்களின் பழம் இப்படி இல்லை. நடுப்பழத்தைச் சுற்றிச் சதை மடல்கள் கிளம்பி அதைப் போர்த்தியிருந்தன. பலவற்றில் பருப்பே கிடையாது. மோசமான மரங்களில் குலை முற்றாமலே அழுகி விழுந்தது. எண்ணெய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் தேறவில்லை.

பேராக்கில் அது பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னமும் அங்கே மரமாக நிற்கிறது. அதன் வழிவந்தவை நின்ற நிலங்களோ ஈப்போவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் செம்பனையாக மாறிவிட்டன. விளைச்சல் மிகுந்த ஒரே ஒரு தாய்மரத்தின் திசுவை எடுத்து ஆயிரக்கணக்கான கன்றுகளை உண்டாக்கலாம் என்ற யோசனை தோட்ட நிறுவனங்களுக்கு இனித்ததில் வியப்பில்லை. தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தில்கூட அதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. சிக்கல் என்னவென்றால், கோணிப்போகப் போகும் கன்றும் நல்ல கன்றும் நாற்றங்காலில் ஒன்றுபோலவே இருக்கும். நட்டு, உரமிட்டு, களை பிடுங்கி, சில வருடம் கழித்துப் பூத்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

இன்னொரு புதிரும் இருந்தது. இரண்டு கன்றுகளும் ஒரே தாயின் நகல்கள். டி.என்.ஏ.வின் எழுத்துகளில் வேறுபாடு கிடையாது. அப்படியானால் எது மாறியது?

விடை 2015இல் வந்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லா, ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோரும், அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மார்ட்டியன்சன் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். செம்பனைப் பூவின் உறுப்புகளை வகுக்கும் ஒரு மரபணுவின் நடுவே, ‘கர்மா’ என்று பெயரிடப்பட்ட தாவும் மரபணு ஒன்று எந்தக் காலத்திலோ வந்து புகுந்திருக்கிறது. நல்ல மரத்தில் அதன் மேல் மெத்தில் என்ற வேதிக்குறிகள் அடர்ந்திருக்கும். செல் அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப்போய் மரபணுவை ஒழுங்காகப் படித்து முடிக்கும். திசு வளர்ப்பின்போது சில கன்றுகளில் அந்தக் குறிகள் உதிர்ந்துவிடுகின்றன. அப்போது செல் தவறான இடத்தில் வெட்டி ஒட்டி, அரைகுறைச் செய்தியை உண்டாக்குகிறது. ஆணுறுப்பின் இடத்தில் இருக்க வேண்டிய திசு சூலறையாகத் திரிந்து சதை மடலாகிறது. இப்போது இலையில் ஒரு துண்டு எடுத்து அந்த ஓரிடத்துக் குறியைச் சோதித்தால், கன்றின் எதிர்காலத்தை நாற்றங்காலிலேயே சொல்லிவிடலாம்.

புற்றுநோயைப் பற்றிப் பேச வந்துவிட்டுச் செம்பனையில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. மனிதக் கட்டிகளுக்குள்ளும் இதே குறிதான் புகுந்து விளையாடுகிறது. ஆனால் அங்கே ஆட்டம் இத்தனை நேரானதாக இல்லை. குறி உதிர்ந்தும் கெடுக்கிறது, சேர்ந்தும் கெடுக்கிறது. சேராத இடத்தில் குறி சேர்ந்ததால் நோயாளி கூடுதல் காலம் வாழ்ந்த கதையும் உண்டு. ‘மெத்திலேற்றம் நல்லதா, கெட்டதா’ என்று சிலர் கேட்கிறார்கள். எந்த மரபணுவில், எந்த இடத்தில் என்று சேர்த்துக் கேட்காதவரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

வேதியியல் மிக எளிது. ஒரு கரி அணு, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள்: இதுதான் மெத்தில் குழு. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் ஐந்தாம் கரி அணுவில் இது போய் ஒட்டிக்கொள்கிறது. மனிதரில் பெரும்பாலும், சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில்தான் ஒட்டும். நம் மரபுத்தொகுதியில் அப்படிப்பட்ட இடங்கள் சுமார் 2 கோடியே 80 லட்சம். அவற்றில் 70 முதல் 80 விழுக்காடு எப்போதும் குறியோடுதான் இருக்கின்றன. மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் இந்த இரட்டையெழுத்துகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் தீவுகள் மட்டும் பொதுவாகக் குறியில்லாமல் வெறுமையாக விடப்படுகின்றன. தீவு வெறுமையாக இருந்தால் மரபணுவைப் படிக்கும் கருவிகள் வந்து அமரலாம். அங்கே குறி அடர்ந்துவிட்டால், குறியைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் முதலில் வந்து சேரும். அவை வேறு நொதிகளையும் கூட்டி வந்து அந்தப் பகுதியை இறுக்கிச் சுருட்டிவிடும். படிப்பவர் உள்ளே நுழைய முடியாது. பால்மரக் காட்டில் சாயக் குறியிட்ட மரத்தைப் பார்த்தால் சீவுகிறவர் கத்தி வைக்காமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவாரே, அப்படி. மரத்துக்குள் பால் இருக்கிறது, பால் பிடிக்கும் மங்கில் விழாது.

குறிகள் நிலைத்திருப்பது எப்படி என்பது இதைவிடச் சுவையான விஷயம். செல் பிரியும்போது டி.என்.ஏ. இரட்டிக்கிறது. புதிதாக உண்டாகும் இழையில் குறி இருக்காது. டி.என்.எம்.டி.1 என்ற நொதி பின்னாலேயே வந்து, பழைய இழையில் எங்கெங்கே குறி இருக்கிறதோ அங்கெல்லாம் புதியதிலும் இட்டுக்கொண்டு போகும். கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்து மாறாமல் நினைவு மட்டும் தலைமுறை தாண்டுகிறது. இந்த வசதியைத்தான் புற்று பயன்படுத்திக்கொள்கிறது. ஒருமுறை தவறான இடத்தில் விழுந்த குறியையும் அந்த நொதி அதே விசுவாசத்தோடு நகலெடுக்கும்.

இனி வாய்க்கு வருவோம்.

பழைய ரப்பர் தோட்டங்களில் பொழுது விடியுமுன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்துவிடும். பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், வெறும் வயிற்றோடு மரம் சீவல். கன்னத்தில் அடக்கிய வெற்றிலைப் பாக்கு பசியையும் தூக்கத்தையும் ஒரு பொழுது தள்ளிப்போடும். பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, பலருக்கு ஒரு துண்டுப் புகையிலையும். பல் போன கிழவிகள் சின்ன உரலில் இடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ஆண்களுக்கு வெற்றிலையோடு கள்ளும் சம்சுவும். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, புந்தோங்குக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ குடிபெயர்ந்த பிறகும் வெற்றிலைப் பெட்டி கூடவே வந்தது.

பல வருடம் வெற்றிலை அடக்கிய கன்னத்தின் உட்புறத்தில் முதலில் ஒரு வெண்படலம் தோன்றும். துடைத்தால் போகாது, வலிக்கவும் வலிக்காது. சிலருக்கு அது சிவந்திருக்கும், அது இன்னும் ஆபத்து. வேறு சிலருக்குக் கன்னத்தின் உள்தோல் நார்நாராகத் தடித்து, வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க மறுக்கும். குழம்பில் காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். ‘உடம்புச் சூடு’ என்று மோர் குடித்துவிட்டு விட்டுவிடுவதுதான் நம் வழக்கம். புற்று என்ற சொல்லை வீட்டில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எண்கள் சொல்லின. 1970களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கே. இராமநாதன், தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்று நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிடப் பன்மடங்கு என்று எழுதினார். 1993-94இல் ரோஸ்னா சைன் குழுவினர் நாடு முழுவதும் 11,697 பெரியவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இந்தியர்களில் 4 விழுக்காட்டினரிடம் இருந்தன. சீனர்களில் அரை விழுக்காடுதான். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றூக்கி என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான், பாக்கு தனியாகவே புற்றூக்கிதான் என்று 2004இல் அதே நிறுவனம் உறுதி செய்தது. ‘நான் போயிலை போடறதில்லை’ என்று சமாதானம் சொன்ன எத்தனையோ பேருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பாக்கின் அரெக்கோலின், அதிலிருந்து உண்டாகும் நைட்ரோசமீன்கள், சுண்ணாம்பின் காரத்தில் பாக்கு வெளியிடும் வினைத்திறன் மிகுந்த ஆக்சிசன் மூலக்கூறுகள், ஓயாத அழற்சி: இவையெல்லாம் சேர்ந்து டி.என்.ஏ.வின் எழுத்தையும் உடைக்கின்றன, குறிகளையும் கலைத்துப்போடுகின்றன. 2008இல் இலங்கையின் வெற்றிலை மெல்லும் நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்கள் பார்த்தது புற்றை அல்ல, புற்றுக்கு முந்தைய படலங்களை. அவற்றிலேயே பி14, பி15, பி16 ஆகிய மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் அடிக்கடி காணப்பட்டன.

பி16 எதற்கு இருக்கிறது? செல் பிரியத் தொடங்கும் வாசலில் நின்று, பிரிவைத் தூண்டும் இரண்டு நொதிகளைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. வயதாகிய செல், அடிபட்ட செல் இனிப் பிரியக் கூடாது என்று தடுப்பதும் அதுதான். புற்று அதை மூன்று வழியில் ஒழிக்கிறது. மரபணுவையே துண்டித்து எறியலாம், எழுத்துப்பிழை உண்டாக்கிக் கெடுக்கலாம், அல்லது தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகளை அடுக்கி வாயை மூடிவிடலாம். 1995இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பலவகைக் கட்டிகளில் இந்த மூன்றாவது வழியைக் காட்டினார்கள். முதல் இரண்டில் மரபணு போனது போனதுதான். மூன்றாவதில் மட்டும் மரபணு ஒரு சிதைவும் இல்லாமல் உள்ளே கிடக்கிறது. குறியை அகற்றினால் மறுபடி பேசும். மெத்திலேற்றத்தின் மேல் மருத்துவ உலகம் வைத்த நம்பிக்கையெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெண்படலம் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த சீன ஆய்வுகளில், பி16இல் குறி இருந்தவர்களுக்குப் பின்னாளில் புற்று வந்த விகிதம் கூடுதலாக இருந்தது.

ஈப்போவைச் சூழ்ந்த இதே கிந்தா பள்ளத்தாக்கில் கண்டனீஸ் சீனர்களை வாட்டும் மூக்குத்தொண்டைப் புற்றையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். எப்ஸ்டைன்-பார் என்ற வைரசோடு பிணைந்த நோய் அது. மெத்தில் குறி மிகமிக அடர்ந்த புற்றுகளில் ஒன்று. இரு சமூகங்கள், இரு வேறு காரணிகள், ஒரே உத்தி.

குறி சேர்வதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். வரலாற்றில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே குறி உதிர்வது. 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் பெருங்குடல் கட்டியையும் அதையொட்டிய நல்ல திசுவையும் ஒப்பிட்டார்கள். கட்டியில் மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன. வெறுமையாக இருக்க வேண்டிய தீவுகளில் குறி குவிய, மூடியிருக்க வேண்டிய பரந்த வெளிகளில் குறி உதிர்கிறது. இரண்டும் ஒரே செல்லில், ஒரே சமயத்தில். உதிர்ந்த வெளிகளில் பழைய தாவும் மரபணுக்களும் வைரசுகளின் எச்சங்களும் விழித்துக்கொள்கின்றன, குரோமோசோம்கள் உறுதி இழக்கின்றன.

இப்போது சிகிச்சைக்கு. முதலில் மூளைக் கட்டி ஒன்று. கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய வகைக்கு டெமோசோலோமைட் என்ற மாத்திரை தரப்படுகிறது. அது செல்லைக் கொல்லும் முறையே விசித்திரமானது. தானே ஒரு மெத்தில் குழுவைக் கொண்டுபோய், டி.என்.ஏ.வின் குவானின் எழுத்தில், இருக்கக் கூடாத இடத்தில் ஒட்டிவிடுகிறது. அந்தத் தழும்போடு பிரிய முயலும் புற்றுச் செல் சாகும். ஆனால் எம்.ஜி.எம்.டி. என்ற பழுது நீக்கும் புரதம் செல்லில் இருந்தால், அது அந்த மெத்திலைப் பிடுங்கித் தன் மேல் ஒட்டிக்கொண்டு, தானும் அழிந்துபோகும். ஒரு தழும்புக்கு ஒரு மூலக்கூறு பலி. மருந்து வீணாகும்.

சுவிட்சர்லாந்தின் மோனிக்கா ஹெகி குழுவினர் 2005இல் காட்டியது இதுதான்: சில நோயாளிகளின் கட்டியில், அந்தப் பழுது நீக்கும் மரபணுவே மெத்தில் குறியால் வாயடைக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குக் கதிர்வீச்சோடு மாத்திரையும் சேர்த்துத் தந்தபோது பாதிப் பேர் 21.7 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு அது 15.3 மாதம். குறி இல்லாதவர்களிடம் மாத்திரை சேர்த்ததால் கிடைத்த ஆதாயம் ஏறக்குறைய ஒரு மாதம்தான்: 11.8இலிருந்து 12.7. கன்னத்தில் பி16ஐ மூடி ஆளைக் கொல்லும் அதே வேதிக்குறி, தலைக்குள் வேறொரு மரபணுவை மூடி ஆளைக் காப்பாற்றுகிறது. ‘உடலின் மெத்தில் அளவைச் சீராக்கும்’ என்று சத்து மாத்திரை விற்பவர்கள் எந்த மரபணுவைச் சீராக்குகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெருங்குடலில் இன்னொரு பயன். எம்.எல்.எச்.1 என்ற பழுது நீக்கும் மரபணு வேலை செய்யாத கட்டிகள் உண்டு. அது பரம்பரைப் பிழையால் இருக்கலாம், அப்படியானால் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் சோதிக்க வேண்டும். கட்டியில் அந்த மரபணு மெத்தில் குறியால் மூடப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், பெரும்பாலும் அது அந்தக் கட்டியோடு முடிந்துபோகும் கோளாறு. குடும்பம் நிம்மதியாக மூச்சுவிடலாம். இவ்வகைக் கட்டிகளில் எழுத்துப்பிழைகள் மலிந்திருப்பதால் நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றை எளிதில் அடையாளம் காணும். அந்த மண்டலத்தின் கட்டை அவிழ்க்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் இந்த அடையாளம் இருந்தால் போதும் என்று 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

குறியை ஆய்வகம் படிக்கும் முறையும் அழகானது. திசுவிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வைச் சோடியம் பைசல்பைட் கரைசலில் ஊறவைப்பார்கள். குறியில்லாத சைட்டோசின் எல்லாம் யுராசிலாக மாறிவிடும். மெத்தில் ஏறியவை அப்படியே நிற்கும். பிறகு வழக்கம்போல எழுத்துகளைப் படித்தால் எது மாறியது, எது மாறவில்லை என்று தெரிந்துவிடும். குறியை நேராகப் பார்க்க முடியாத கருவிக்கு, குறியை எழுத்துவேறுபாடாக மாற்றித் தந்துவிடுகிறார்கள். 1992இல் ஆஸ்திரேலியாவில் வகுத்த இந்த வழியிலிருந்து எத்தனையோ சோதனைகள் கிளைத்துவிட்டன. மலத்தில் உதிரும் செல்களின் குறிகளையும் சேர்த்துப் பார்த்துப் பெருங்குடல் புற்றைத் தேடும் சோதனைக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி தந்தது. இரத்தத்தில் செப்டின்9 மரபணுவின் குறியைத் தேடும் சோதனைக்கு 2016இல். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2018இல், நுண்ணோக்கியில் குழப்பும் மூளைக் கட்டிகளை மெத்தில் கோலத்தை வைத்தே வகைபிரித்துக் காட்டினார்கள். சில நோயாளிகளின் நோய்ப்பெயரே அதனால் மாறியது. பெயர் மாறினால் மருந்தும் மாறும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் வாய்ப்புற்றைச் சொல்லிவிடும் சோதனைக்கான முயற்சிகளும் நடக்கின்றன. தோட்டத்துக் கிழவிக்கு அது ஊசியைவிடச் சௌகரியம்தான். ஆனால் கன்னத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும் பல் மருத்துவரின் கண்ணை மாற்றும் அளவுக்கு அவை இன்னும் தேறவில்லை.

குறியை அழிக்கும் மருந்தின் கதை பிராகில் தொடங்குகிறது. 1964இல் செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர்கள் சைட்டோசினைப் போலவே தோற்றம் தரும் ஒரு மூலக்கூற்றைச் செய்தார்கள். ஐந்தாம் கரி அணு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜன் அணு. பெயர் அசாசைட்டிடின். புற்றுச் செல்லைக் கொல்லும் வீரிய மருந்தாகத்தான் அதை முதலில் நினைத்தார்கள். தாங்கும் அளவுக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்ததில் நோயாளிகள் வாந்தியிலும் இரத்தக் குறைவிலும் துவண்டார்கள். பலன் சொற்பம். 1980இல் அமெரிக்காவில் பீட்டர் ஜோன்சும் ஷெர்லி டெய்லரும் அதை எலியின் செல்களில் கொஞ்சமாகப் போட்டபோது, சாதாரண இணைப்புத்திசுச் செல்கள் தசைச் செல்களாக மாறின. எழுத்தைத் தொடாமல் செல்லின் அடையாளத்தையே மருந்து மாற்றியிருந்தது. மருந்து மெத்தில் குறியேற்றத்தைத் தடுத்ததையும் கண்டார்கள். டி.என்.ஏ.வுக்குள் போய் உட்காரும் இந்தப் போலி எழுத்தில் குறியிட வரும் நொதி, அதிலேயே சிக்கிக்கொண்டு மீள முடியாமல் அழிகிறது. நகலெடுக்க ஆளில்லாததால், செல் பிரியப் பிரியக் குறிகள் நீர்த்துப்போகின்றன.

கூடுதல் கொடுத்தபோது தோற்ற மருந்து, குறைத்துக் கொடுத்தபோது வென்றது. எலும்பு மச்சையில் இரத்தச் செல்கள் முற்றாமல் தேங்கும் மயலோடிஸ்பிளாசியா என்ற நோய்க்கு 2004இல் அது அனுமதி பெற்றது. அதன் உறவான டெசிட்டபின் 2006இல் வந்தது. கடும் நிலையில் இருந்த 358 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் நடுநிலை ஆயுள் 15 மாதம், அசாசைட்டிடினில் 24.5 மாதம். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, ஏழு நாள் தோலடியில் ஊசி. முதல் மாதம் ஒன்றும் தெரியாது, நான்கைந்து சுற்று போன பிறகே இரத்த எண்ணிக்கை ஏறத் தொடங்கும். நிறுத்தினால் குறிகள் திரும்பிவிடும். நோயும் திரும்பும். பொறுமை இழந்து பாதியில் நிறுத்துவோர் உண்டு என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். வீரிய சிகிச்சையைத் தாங்காத முதியவர்களின் கடும் இரத்தப் புற்றில், இதனோடு வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையைச் சேர்த்தபோது நடுநிலை ஆயுள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்ததை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று நினைத்தோமோ அதுகூட முழுக் கதை இல்லை. வாயடைத்த காவல் மரபணுக்கள் பேசத் தொடங்குவதால்தான் புற்று அடங்குகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2015இல், செம்பனை ஆய்வு வந்த அதே ஆண்டில், டொராண்டோவிலும் பால்டிமோரிலும் இருந்த இரண்டு குழுக்கள் வேறொன்றைக் கண்டன. குறி உதிர்ந்ததும், நம் மரபுத்தொகுதிக்குள் பல பத்து லட்சம் ஆண்டுகளாகப் புதைந்து கிடக்கும் வைரசு எச்சங்கள் விழித்துக்கொண்டு ஆர்.என்.ஏ.வை உமிழ்கின்றன. செல், தனக்குள் வைரசுத் தொற்று ஏற்பட்டுவிட்டதாக எண்ணி இண்டர்ஃபெரான் அபாயமணியை அடிக்கிறது. நோயெதிர்ப்புச் செல்களின் கண் கட்டியின் மேல் விழுகிறது. செம்பனையில் தாவும் மரபணு விழித்ததால் குலை கெட்டது. இங்கே அதன் தூரத்து உறவுகள் விழிப்பதால் புற்று மாட்டிக்கொள்கிறது. உயிரியலில் எனக்கு இதைவிடப் பிடித்த திருப்பம் வேறில்லை.

இரத்த நோயில் எடுபட்ட இந்த மருந்து வாய், நுரையீரல், மார்பு போன்ற கெட்டிக் கட்டிகளில் பெரிதாகச் சோபிக்கவில்லை. காரணங்கள் புரிகின்றன. மருந்து டி.என்.ஏ.வுக்குள் புகச் செல் பிரிய வேண்டும். கெட்டிக் கட்டியில் ஒரு நேரத்தில் பிரியும் செல்கள் கொஞ்சம்தான். உடலில் அசாசைட்டிடின் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், கட்டியின் நடுவரை போய்ச் சேர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது இடம் பார்க்காத அழிப்பான். பி16இன் குறியை மட்டும் அழி, மற்றதை விடு என்று அதற்குச் சொல்ல முடியாது. வாய்ப்புற்றில் பலருக்கு பி16 துண்டிக்கப்பட்டே போயிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இல்லாத மரபணுவின் குறியை அழித்து என்ன பயன்? பி16 தடுக்கும் அதே இரண்டு நொதிகளை வேறு வழியில் தடுக்கும் பால்போசிக்லிப் போன்ற மாத்திரைகள் மார்புப் புற்றில் பயனாகின்றன. வாய்க்கு அவை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இடம் பார்த்துக் குறியிடவோ அழிக்கவோ முடியுமா என்பதுதான் இப்போது ஆய்வகங்களில் ஓடும் கேள்வி. டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் கருவியின் கத்தியை மழுக்கிவிட்டு, அதன் முதுகில் மெத்தில் ஏற்றும் நொதியைக் கட்டி, வேண்டிய மரபணுவின் வாசலுக்கு மட்டும் அனுப்புகிறார்கள். 2021இல் கலிஃபோர்னியக் குழு ஒன்று, ஒருமுறை இட்ட குறி நூற்றுக்கணக்கான செல் பிரிவுகளுக்குப் பிறகும் நிலைத்திருப்பதைக் காட்டியது. 2024இல் மிலான் ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில், கெட்ட கொழுப்பை உயர்த்தும் ஒரு மரபணுவை இப்படி ஒரே ஊசியில் ஏறக்குறைய ஓராண்டு வாயடைத்து வைத்தார்கள். குறியை அழிக்கும் வகைக் கருவிகளும் செய்யப்பட்டுள்ளன.

கல்லீரலுக்கு இது பொருந்தும். செல்களில் பாதி மாறினாலே இரத்தக் கொழுப்பு இறங்கிவிடும். கட்டிக்கு அப்படியில்லை. பாதிச் செல்களில் பி16ஐப் பேச வைத்து மீதிப் பாதியைத் தவறவிட்டால், தவறிய பாதி சில மாதங்களில் பெருகி இடத்தை நிரப்பிவிடும். ஒரு கட்டியின் அத்தனை செல்லுக்கும் இந்தக் கருவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இன்றைக்கு இல்லை. அதனால் கன்னத்துப் புற்றோடு வருகிறவருக்குத் தரப்படுவது பெரும்பாலும் அறுவையும் கதிர்வீச்சும், தேவைப்பட்டால் வழக்கமான கீமோ மருந்தும்தான்.